ஆறு கஜமும் ஒரு கபாவும்

கானா நாட்டுப் பெண்கள் விழாக்களுக்கும் தேவாலயத்திற்கும் உடுத்தும் உடை மூன்று பகுதிகளால் ஆனது. உடலோடு பொருந்தத் தைத்த மேற்சட்டை, கணுக்கால்வரை இறங்கும் பாவாடை, இவற்றின்மேல் இடுப்பில் சுற்றவோ தோளில் இடவோ தைக்காத ஒரு துணி. மேற்சட்டையின் பெயர் கபா. மூடுதலைக் குறிக்கும் 'கவர்' என்ற ஆங்கிலச் சொல்லே அங்கு கபாவாகத் திரிந்தது என்பர். மேலுடம்பை மூடும்படி மிஷனரிகள் சொன்னதை அப்பெண்கள் தம் அலங்காரமாக மாற்றிக்கொண்டார்கள். ஆயினும் இந்தச் சட்டையின் வரலாற்றை அதன் துணியிலிருந்தே நாம் தொடங்க வேண்டும்.

இன்று உலகமே 'ஆப்பிரிக்கத் துணி' என்று அழைக்கும் மெழுகு அச்சுத் துணி ஆப்பிரிக்காவில் பிறந்ததன்று. ஜாவாத் தீவில் கையால் மெழுகு தீட்டிச் சாயமேற்றும் பாத்திக்கை இயந்திரத்தால் செய்து, அந்த ஜாவாக்காரர்களுக்கே மலிவாக விற்க 19ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் முயன்றனர். துணியின் இருபுறமும் பிசினை அச்சிட்டு நீலச் சாயத்தில் முக்கினார்கள். பிசின் வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்புகள்போல் கோடுகள் ஓடின. ஜாவாவில் அது குறையாகத் தெரிந்தது. 1890களில் பிரவுன் பிளெமிங் என்ற ஸ்காட்லாந்து வணிகர் வழியாக அத்துணி அன்றைய கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், இறங்கியபோது அந்தக் கோடுகளே விரும்பப்பட்டன. எந்த இரு கஜமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இராது என்பதே அதன் கவர்ச்சி.

இதற்கு முன்பே ஜாவா அங்கு அறிமுகமாகியிருந்தது. 1831க்கும் 1872க்கும் இடையில் டச்சுக்காரர்கள் ஏறத்தாழ 3000 ஆப்பிரிக்கரைத் தம் கிழக்கிந்தியப் படைக்குச் சேர்த்தனர். திரும்பியவர்களில் சிலர் குடியேறிய எல்மினாவின் மேடு இன்றும் ஜாவாக் குன்று எனப்படுகிறது. அவர்கள் கொண்டுவந்த பாத்திக்தான் இந்த மோகத்தின் வித்து என்று சொல்வதுண்டு. அதை மட்டுமே காரணமாகக் கொள்ள ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள்.

துணி டச்சு நாட்டிலிருந்து வந்தது, பெயர் சந்தையில் பிறந்தது. ஆலைக்காரர்கள் எண்ணிட்டு அனுப்பிய கோலங்களுக்குச் சந்தைப் பெண்கள் பழமொழிகளைச் சூட்டினார்கள். பறக்கும் தகைவிலான் குருவிகளைக் கொண்ட துணி, 'பணத்துக்குச் சிறகு உண்டு' என்றாயிற்று. 'நல்ல மணி ஓசையெழுப்பாது' என்பது இன்னொன்று. சண்டையிட்ட அண்டை வீட்டாரிடம் ஒரு பெண் வாய் திறவாமலே தன் கருத்தைச் சொல்லிவிடலாம். டோகோவின் லோமே நகரில் இவ்வணிகத்தால் செல்வம் சேர்த்த பெண்கள், ஏறிச் சென்ற காரின் பெயரால் 'நானா பென்ஸ்' எனப்பட்டனர். 1994இல் அங்கு பிராங்கு நாணயத்தின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டதும், பின்னர் சீனாவின் மலிவுப் பிரதிகள் வந்ததும் அவர்களின் ஆட்சியைக் குலைத்தன.

இனித் தையலுக்கு வருவோம். ஆறு கஜத் துணியில் கபாவுக்கு இரண்டு, பாவாடைக்கு இரண்டு, மேல்துணிக்கு இரண்டு என்பது வழக்கமான கணக்கு. அழுத்தமான இந்தப் பருத்தித் துணி இழுத்தால் நெகிழாது. ஆகவே உடலின் வளைவைக் கத்திரியும் ஊசியும்தான் உண்டாக்க வேண்டும்: மார்பிலும் இடுப்பிலும் டார்ட் பிடிக்கலாம், அல்லது நம்மூர்த் தையற்காரர்களும் அறிந்த பிரின்சஸ் கட்டைக் கையாளலாம். முதுகில் ஜிப் வைத்தால் சட்டை உடலோடு ஒட்டி நிற்கும். கோலங்கள் பெரியவை என்பதால், பறவையின் கழுத்து தையலில் அறுபடாமல் பார்த்து வெட்டுவதில்தான் தையற்காரியின் கைத்திறன் தெரியும். வெட்டும் இடம் தவறினால் பழமொழியும் சிதையும்.

நம்மை உறுத்துவது வேறொன்று. வெட்டாத துணி அங்கு செல்வம். பெட்டியில் அடுக்கி வைப்பார்கள், மணப்பெண்ணுக்குக் கொடுப்பார்கள், தாய்க்குப் பின் மகளுக்குப் போகும், முடை வந்தால் விற்கலாம். கத்திரி பட்ட கணத்தில் அது ஓர் உடலுக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. அந்த உடல் பெருத்தாலோ இளைத்தாலோ அதற்கும் உதவாது. அழகாகப் பொருந்தப் பொருந்த, கைமாற்றும் மதிப்பு குறைகிறது. மூன்றாவது துணியைத் தைக்காமலே விட்டதன் பொருள் இங்கேதான் நமக்கு விளங்குகிறது. அது முதிர்ந்த பெண்ணின் மதிப்புக்கு அடையாளம். குழந்தையை முதுகில் கட்டவும் அதுவே உதவும். நான்கு கஜத்தை இன்றைக்குச் செலவிட்டவர்கள் இரண்டு கஜத்தை நாளைக்கென்று வைத்துக்கொண்டார்கள்.

2004இல் கானா அரசு வெள்ளிக்கிழமைகளில் உள்நாட்டு அச்சுத் துணி உடுத்த ஊக்குவித்தது. அலுவலகம் செல்லும் இளம்பெண்கள் இப்போது ஜீன்ஸுக்கு மேலே அணியும் சட்டையை மட்டும் தைத்துக்கொள்வதும் உண்டு. இரண்டு கஜம் போதும். ஜாவாவும் ஹாலந்தும் அதில் அவர்களுக்கு நினைவுக்கு வரப்போவதில்லை; வர வேண்டிய அவசியமும் இல்லை. மூன்றாவது துணியின் இடம் மட்டும் காலியாக இருக்கிறது.