வாசலைத் தாண்டிய சட்டமும் தாண்டாத பள்ளியும்



1856 ஜூன் மாதம். பம்பாய் மாகாணத்தின் தார்வாரில் ஒரு மகர் சிறுவன் அரசுக்கு மனு எழுதினான். அரசுப் பள்ளியில் அவனைச் சேர்க்க மறுத்திருந்தார்கள். பம்பாய் அரசு அவனுக்குத் தந்த பதிலை நாம் மறக்கக் கூடாது. நியாயம் சிறுவன் பக்கம் இருப்பதாக அரசே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த ஒருவனைச் சேர்த்தால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள், பள்ளியே பயனற்றுப் போகும் என்று கைவிரித்தது.

1858இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர் அவை, அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று எழுதியது. 1882இல் அமைந்த ஹண்டர் கமிஷனும் அந்தக் கொள்கையை ஏற்றது. கூடவே, எதிர்ப்பு உள்ள ஊர்களில் தனிப்பள்ளி என்ற வழியையும் காட்டியது. கொள்கை தாளில் இருந்தது. சாத்தாராவில் படித்த சிறுவன் பீமராவோ கோணிச்சாக்கில் தனியே உட்கார்ந்தான். பியூன் வந்து ஊற்றினால்தான் அவனுக்குத் தண்ணீர். அந்தச் சிறுவன்தான் 1928இல், சைமன் கமிஷனுக்குத் தந்த கல்வி அறிக்கையில், தார்வார் மனுவைச் சாட்சியாக எடுத்துவைத்தார்.

நம் சென்னை மாகாணத்திலும் தனிப்பள்ளிகளே வழியாயின. 1894இல் ஆல்காட் அடையாற்றில் தொடங்கிய இலவசப் பள்ளி அவற்றுள் ஒன்று. அப்படிப்பட்ட பள்ளிகள் நம் பாட்டன் பாட்டிகளுக்கு எழுத்தறிவு தந்தன. அதை நன்றியோடு சொல்கிறோம். பொதுப்பள்ளியின் கதவு நமக்குத் திறக்கவில்லை என்பதற்கும் அவையே சாட்சி.

விடுதலைக்குப் பின் அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், இன்றைய குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், ஒரு படி மேலே போனது. அதன் 5ஆம் பிரிவின்படி, தீண்டாமையின் பேரால் பள்ளியில் சேர்க்க மறுப்பது குற்றம். சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதும் குற்றம். அதாவது, 1955லேயே சட்டம் வாசலைத் தாண்டி வகுப்பறைக்குள் வந்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. அச்சட்டத்தின்கீழ் 2010இல் மத்திய அரசு வகுத்த விதிகள் இன்னும் வெளிப்படை: வகுப்பறை, மதிய உணவு, விளையாட்டுத் திடல், குடிநீர், கழிப்பறை, துப்புரவு என எதிலும் நலிந்த பிரிவுக் குழந்தைகளைப் பிரிக்கக் கூடாது. துடைப்பத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் சட்டப் பிரச்சினைதான்.

இத்தனை இருந்தும் 2023 ஆகஸ்டில் நாங்குநேரி நடந்தது. உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து, பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, பள்ளிப் பெயரோடு ஒட்டிய சாதிப் பெயர் எனப் பலவற்றை நீக்கச் சொன்னது.

உண்மை அறியச் சென்ற ஒரு பள்ளியில் நாங்கள் கேட்ட பதிலையும் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் நல்லவர்தான். எங்களுக்கு டீ வாங்கித் தந்தார். "சட்டம் எல்லாம் சரிங்க. ஊர் ஒத்துக்காதே. பிள்ளைங்க டிசி வாங்கிட்டுப் போயிட்டா பள்ளிக்கூடத்தையே மூடிருவாங்க. பேசி முடிச்சுக்குவோம்" என்றார். தார்வார் சிறுவனுக்குக் கிடைத்த அதே பதில். நியாயம் உன் பக்கம்தான், ஆனால் இடமில்லை.

இது அந்த ஒருவரின் குறை மட்டுமல்ல. வருகைப்பதிவும் உதவித்தொகைப் படிவமும் நிரப்பக் கற்றுத்தந்த துறை, 5ஆம் பிரிவை அவர் கையில் கொடுக்கவில்லை. ஆசிரியர் பயிற்சியில் இந்தச் சட்டங்களைப் பாடமாக வைக்க வேண்டும். புகார் வந்தால் அதைப் பதிவு செய்வதே முதல் கடமை, சமாதானம் பேசுவதல்ல என்று எழுத்தில் தர வேண்டும். ஊரை எதிர்த்து நிற்கும் ஆசிரியருக்குத் துறை துணை நிற்க வேண்டும்.

தார்வார் சிறுவனின் மனு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அடுத்த கையெழுத்து ஒரு தலைமையாசிரியருடையது.