நினைவு என்னும் செயல்

‘நினைவு’ என்னும் தமிழ்ச் சொல் எண்ணத்தையும் குறிக்கும். கடந்ததை மனத்தில் இருத்துவதையும் குறிக்கும். நம் பழந்தமிழர் நினைப்பதை ‘உள்ளுதல்’ என்றனர். அவ்வாறு உள்ளுவது உள்ளம் ஆயிற்று. எபிரேய மக்களின் சொல்வழக்கும் இதற்கு மிக அருகில் நிற்கிறது.

எபிரேயர் சிந்திப்பதற்கு உரிய இடம் இருதயமே. ‘லேவ்’ என்னும் சொல்லால் அதைக் குறித்தனர். ஒன்று நினைவுக்கு வருவதை ‘இருதயத்தின்மேல் ஏறுதல்’ என்றனர். எண்ணுவதைக் குறிக்கும் ‘ஹாஷவ்’ என்ற சொல்லின் வழிவந்த சொல், திருஉறைவிடத்தின் திரைகளை நுட்பமாக நெய்த கலைஞனையும் குறித்தது. தியானிப்பதைக் குறிக்கும் ‘ஹாகா’ என்ற சொல்லோ, புறாவின் முனகலுக்கும் சிங்கத்தின் உறுமலுக்கும்கூட வழங்கிற்று. எனவே எபிரேயரின் சிந்தனை கையோடும் வாயோடும் இணைந்தது எனலாம்.

இவற்றுள் தலையாயது ‘ஸாக்கார்’, அதாவது நினைவுகூர்தல். வெள்ளத்தின் நடுவே இறைவன் நோவாவை நினைத்தார் என்று தொடக்கநூல் கூறுகிறது. உடனே காற்று வீசியது. நீர் வடியத் தொடங்கியது. இறைவனின் நினைவு மீட்புச் செயலாகவே வெளிப்படுகிறது. 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் ஐயரின் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘நினைத்தருளினார்’ என்று சொன்னது. நினைவோடு அருளையும் சேர்த்த அச்சொல் மூலத்தின் கருத்தை நன்கு உணர்த்துகிறது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘நினைவுகூர்தல்’ என்ற சொல்லை நம் நாவில் பதித்தது.

மனிதரின் நினைவும் செயலாகவேண்டும் என்பது திருச்சட்டத்தின் எதிர்பார்ப்பு. எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைவில் கொள்ளுமாறு பணிக்கும் இணைச்சட்ட நூல், வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிச் செல்லக்கூடாது என்கிறது. அது அந்நியருக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது. பாஸ்கா விழாவை ‘ஸிக்காரோன்’, அதாவது நினைவுநாள் என்றனர். அவ்விழாப் பின்னணியில் ஆண்டவர் ஏற்படுத்திய நற்கருணையை நாம் ஒவ்வொரு திருப்பலியிலும் அவர் நினைவாகக் கொண்டாடுகிறோம்.

வேளச்சேரியில் வாழும் நமக்கு நோவாவின் வரலாறு அயலானதன்று. 2015 டிசம்பரில் நம் தெருக்களில் படகுகள் ஓடின. முன்பின் அறியாதவர்கள் வந்து முதியோரையும் குழந்தைகளையும் கரை சேர்த்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நீர் மீண்டும் வந்தது. ஏரியின் பரப்பைச் சுருக்கி வீடுகளும் சாலைகளும் எழுந்ததை நாம் அறிவோம். ஆயினும் நீர் வடிந்ததும் நம் நினைவும் வடிந்துவிடுகிறது.

நீர் செல்லும் வழியை அடைக்காதிருப்பதும், தாழ்வான இடத்தில் குடியிருக்கும் அயலாரை மழைக்கு முன்பே தேடிச் செல்வதும் நம் ‘ஸாக்கார்’ ஆகட்டும். நம்மை நினைத்தருளிய இறைவனின் பெயரால் அவர்களை நாம் நினைவுகூர்வோம்.