யாருடைய நாக்கு, யாருடைய காசு

ஒரு மொழியைப் படிக்கச் சொல்லி அரசு காசு கொடுக்கிறது என்றால், அந்த மொழியைப் பேசும் சனங்கள்மீது கொண்ட அன்பால் கொடுப்பதில்லை. 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. மிரண்டுபோன அமெரிக்கா மறு ஆண்டு செப்டம்பரிலேயே ஒரு சட்டம் போட்டது. பெயரே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். அரபி, சீனம், இந்தி-உருது, ஜப்பானியம், போர்த்துகீசியம், ரஷ்யன் ஆகியவை முதல் வரிசை மொழிகள். தமிழ் அந்த வரிசையில் இல்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தின் உதவித்தொகையில் தமிழ் படித்த அமெரிக்க மாணவர்கள் உண்டு. 2006இல், இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிந்தைய அச்சத்தில், அதே அரசு 'முக்கிய மொழி' உதவித்தொகையைத் தொடங்கியது. கோடையில் எட்டு முதல் பத்து வாரம், அந்த மொழி புழங்கும் நாட்டுக்கே போய் முழுநேரமும் படிக்கலாம். செலவு அரசுடையது. யாருக்கு முக்கியம் என்பதையும் அரசே முடிவு செய்யும்.

இந்தக் காசில் நம்ம சனங்களின் வயிறும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 1950களிலும் 60களிலும் பி.எல்.480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை இங்கே வந்து இறங்கியது. இந்தியா அதற்கு டாலரில் அல்ல, ரூபாயில் விலை கொடுத்தது. இங்கேயே தேங்கிய அந்த ரூபாயில் ஒரு பகுதி, 1961இல் தொடங்கிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் உதவித்தொகைகளுக்குப் போனது. தமிழ்ப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்குக் கப்பலேற்றியதும் அந்த ரூபாய்தான். மதுரையில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்து வந்ததும் அந்த நிறுவனமே. ரேஷன் வரிசையில் நின்று கோதுமை வாங்கித் தின்ற கூலிச் சனத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது.

சரி, எந்தத் தமிழைக் கற்பித்தார்கள்? நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது பேச்சுத் தமிழ் என்பது 'கிளைமொழி' என்ற ஒரே பாடத்துக்குள் அடங்கிப்போனது. வெளிநாட்டாருக்கோ அதுதான் முதல் பாடம். அவர்களுக்காகப் பேச்சுத் தமிழ் இலக்கணம் எழுதிய ஹெரால்டு ஷிஃப்மன் போன்றவர்கள், படித்த பிராமணரல்லாதார் பேச்சையே பொதுவழக்காகக் கொண்டார்கள். பார்ப்பனப் பேச்சு அளவுகோலாக இல்லாமல் போனது நல்லதுதான். சேரிப் பேச்சு? 'படித்த' என்ற சொல்லுக்கு அந்தாண்டையே நின்றது, ஊருக்கு வெளியே நின்ற மாதிரி. 1992இல் பாமாவின் 'கருக்கு' அந்த வேலியை உடைத்துக்கொண்டு வந்தது. அதை மூலத்தில் வாசிக்கப் பாடப்புத்தகத் தமிழ் போதாது. எங்க பாட்டிமார்கிட்டதான் வரணும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படித் தமிழ் கற்ற ஒரு மாணவி எங்கள் தெருவுக்கு வந்தார். எழுபது தாண்டிய ஒரு பாட்டியைப் பார்த்து, "உக்காருங்க பாட்டி, சாப்ட்டீங்களா?" என்றார். பாட்டி என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, நாம யாருன்னு இந்தப் புள்ளைக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். பெரியவர்களை 'ங்க' போட்டுப் பேசவேண்டும் என்பது புத்தக விதி. ஊர்த்தெருப் பொடியன்கூட அந்தப் பாட்டியை 'வா, போ' என்பதுதான் நடப்பு விதி. எட்டு வார இலக்கணத்தில் இந்த விதி வராது.

எந்த மொழி யாருக்கு என்பதிலும் இதே விதிதான். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்குத் தீண்டாமையைக் காட்டி அது மறுக்கப்பட்டது. பாரசீகம்தான் படிக்க முடிந்தது. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போன அவர், 1916இல் அங்கே 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தார். பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசின் உதவித்தொகை 1950களிலிருந்து இருக்கிறது. 2022இல் அதன் விதிகளைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குக் காசு கிடையாது என்றார்கள். அம்பேத்கர் தன் கட்டுரையின் பொருளைச் சொல்லி அந்த ஆண்டு விண்ணப்பித்திருந்தால் தள்ளுபடிதான். நம்மைப் பற்றிப் படிக்க அமெரிக்கப் பிள்ளைக்கு மொழியோடு சேர்த்துக் காசு கொடுக்க அங்கே ஒரு அரசு இருந்தது. அந்த மொழியோடே பிறந்த நம்ம பிள்ளைக்கு இங்கே விதி குறுக்கே நிற்கிறது.

மொழி கற்றவர் எல்லாரும் அரசுகளின் கணக்குக்குள் அடங்கிவிடுவதில்லை என்பதும் உண்மை. அமெரிக்கரான எலினார் ஜெலியட் மராத்தி கற்று, அம்பேத்கர் இயக்கம் பற்றி 1969இல் ஆய்வேடு எழுதினார். அமெரிக்காவில் பிறந்த கெயில் ஓம்வெட் மராத்தி கற்று, மகாராஷ்டிர இயக்கங்களோடே வாழ்ந்து, 2021இல் மறைந்தார். அம்பேத்கரின் 'மூக்நாயக்' 1920இலும் 'பகிஷ்கிருத் பாரத்' 1927இலும் வந்தது மராத்தியில்தான். அவற்றை நேராக வாசிக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

நமக்கு முக்கியமான மொழி எது என்பதை நாமே முடிவு செய்வோம். நம் அமைப்புகள் ஒவ்வொரு கோடையிலும் ஐந்து பிள்ளைகளையாவது எட்டு வாரம் நாகபுரிக்கோ புனேவுக்கோ அனுப்பி மராத்தி படிக்க வைக்கணும். ரயில் டிக்கெட்டும் சாப்பாடும்தான் பெரிய செலவு. தங்க இடம் கொடுக்க அங்கேயும் நம்ம சனங்க இருக்காங்க.