கேட்டலும் கேளாமையும்

'சொன்ன பேச்சைக் கேள்' என்பதிலும் 'ஏனென்று கேள்' என்பதிலும் வினை ஒன்றுதான். முன்னதில் அது பணிதல், பின்னதில் வினவுதல். திருக்குறளின் 42ஆம் அதிகாரமான 'கேள்வி' கற்றோர் சொல்லைச் செவிமடுப்பதைப் பேசுகிறது. இன்று அச்சொல்லுக்கு முதலில் தோன்றும் பொருள் வினா. எதிர்க்கேள்வி கேட்கிற பிள்ளையைத்தான் 'சொன்னதைக் கேட்காத பிள்ளை' என்று வைகிறோம்!

மீறலுக்கான சொற்களில் தமிழுக்குத் தனி நுட்பம் உண்டு. அடம் குழந்தைகளுக்கு உரியது. கேட்டது கைக்கு வந்ததும் தீர்ந்துவிடும். பிடிவாதத்தில் ஒரு வாதமாவது இருக்கிறது. சண்டித்தனம், நுகத்தில் பூட்டியதும் படுத்துக்கொள்ளும் மாட்டின் குணம்: எதிர்ப்பதும் இல்லை, நகர்வதும் இல்லை. இவற்றில் விசித்திரமானது வீம்பு. வீம்பு பிடித்தவருக்கு வேண்டியது எதுவுமில்லை. கல்யாண வீட்டில் முறையாக அழைக்கவில்லை என்று பசியோடு பந்தியைப் புறக்கணிக்கும் மாமாவிடம் என்ன கொடுத்துச் சமாதானம் செய்வது?

பணிவின் பக்கம் சொற்கள் குறைவு. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது. கீழ்ப்படிய மேலே ஒருவர் வேண்டும். அடக்கத்துக்கு யாரும் வேண்டியதில்லை. அது ஒருவன் தானே தன்மேல் செலுத்தும் ஆட்சி. வள்ளுவர் அடக்கமுடைமையை அரசியலில் வைக்காமல் இல்லறவியலில் வைத்தது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரே பொருட்பாலில் 'மானம்' என்றும் ஓர் அதிகாரம் எழுதினார்.

யாருக்கும் தலை தாழாத துரியோதனனை வணங்காமுடி என்கிறோம். திருநாவுக்கரசரும் மன்னனுக்குத் தலை தாழாதவர்தாம். ஆனால் அவரை அந்தப் பெயரால் அழைக்க நா எழாது. சமணம் விட்டுச் சைவத்துக்குத் திரும்பிய அவரைப் பல்லவ மன்னன் அழைத்துவர ஆளனுப்பினான். ஆணைக்கு உட்பட மறுத்தார். நீற்றறை, நஞ்சு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் எறிதல் என்று தண்டனைகள் தொடர்ந்ததைச் சேக்கிழார் பாடுகிறார். மறுப்பின் காரணத்தை நாவுக்கரசரே தம் பதிகத்தில் சொல்லிவிட்டார்: அவர் ஏற்கெனவே ஒருவனுக்கு ஆளானவர். ஓர் அடிமைக்கு இரண்டு ஆண்டான் ஏது? துரியோதனனின் மறுப்பு தன்னில் தொடங்கித் தன்னிலேயே முடிகிறது. இவருடையதோ பணிவிலிருந்து பிறந்தது. சைவ மரபு நால்வருக்கும் நான்கு நெறிகளை வகுத்தபோது, உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய இந்த ஆணை மீறியவருக்குத்தான் தாச மார்க்கத்தை, அதாவது அடிமை நெறியை, உரியதாக்கியது.