தனியுடைமையிலிருந்து பொது அறக்கட்டளைக்கு: பிரான்சிஸ் மேரி பஸ்ஸின் கல்விப்பணி

முன்னுரை

விக்டோரியா அரசியின் காலத்து இங்கிலாந்தில் நடுத்தர வகுப்புப் பெண்களின் கல்வி பெரும்பாலும் வீட்டு ஆசிரியைகளையும் சிறு தனியார் பள்ளிகளையும் சார்ந்திருந்தது. இசை, ஓவியம், பிரெஞ்சு உரையாடல், தையல் ஆகியவை முதலிடம் பெற்றன. கணிதமும் இலத்தீனும் ஆண்பிள்ளைகளுக்கே உரியனவாகக் கருதப்பட்டன. வருவாய் தேட நேர்ந்த பெண்ணுக்கு மதிப்புக் குறையாத தொழிலாக இருந்தது ஆசிரியப்பணி. அதற்குரிய பயிற்சியோ அரிதாகவே கிடைத்தது. இச்சூழலில் லண்டனின் கேம்டன் பகுதியில் அரை நூற்றாண்டளவு பணியாற்றியவர் பிரான்சிஸ் மேரி பஸ் (1827-1894). அவருடைய பணியின் நிலைத்த பயன், தாம் வளர்த்த பள்ளியைத் தம் உடைமையாக வைத்துக்கொள்ளாமல் பொதுவாக்கியதில் அடங்கியுள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குடும்பமும் தொடக்கமும்

பஸ் அம்மையாரின் தந்தை இராபர்ட் வில்லியம் பஸ் ஓர் ஓவியர். டிக்கன்ஸின் பிக்விக் பேப்பர்ஸ் புதினத்திற்குச் சில படங்கள் வரைந்தபின் அப்பணியிலிருந்து விலக்கப்பட்டவர். நிலையற்ற குடும்ப வருவாயை ஈடுசெய்யத் தாயார் 1845இல் கென்டிஷ் டவுனில் பெஸ்டலோசியின் கல்விநெறியைத் தழுவிய பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பதினான்கு வயதிலேயே கற்பிக்கத் தொடங்கியிருந்த மகள் தாயாருக்குத் துணைநின்றார். பகலில் கற்பித்துக்கொண்டே, 1848இல் ஹார்லி தெருவில் தொடங்கப்பெற்ற குயின்ஸ் கல்லூரியின் மாலை வகுப்புகளில் பயின்றார்.

1850 ஏப்ரல் 4ஆம் நாள் அப்பள்ளி கேம்டன் தெருவில் வடக்கு லண்டன் காலேஜியட் பள்ளி என்னும் பெயருடன் புதிதாகத் தொடங்கியது. முதலில் 35 மாணவியரே இருந்தனர். ஓராண்டுக்குள் அவ்வெண்ணிக்கை 115 ஆயிற்று. சமயப்பிரிவு வேறுபாடின்றி மாணவியர் சேர்க்கப்பட்டனர். தந்தை ஓவியம் கற்பித்தார். உடன்பிறந்தார் சிலரும் ஆசிரியராயினர். இவ்வாறு தொடக்கத்தில் அது ஒரு குடும்பத்தின் தொழிலாகவே இருந்தது.

தேர்வு என்னும் அளவுகோல்

பெண்கல்வியின் தரத்தை அளக்கப் பொதுவான அளவுகோல் அன்று இல்லை. எமிலி டேவிஸின் முயற்சியால், 1863 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் உள்ளூர்த் தேர்வின் வினாத்தாள்கள் சோதனை முறையில் பெண்களுக்கும் வழங்கப்பட்டன. ஆயத்தத்திற்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஆறு வாரமே. பஸ் அம்மையார் தம் மாணவியர் 25 பேரை அனுப்பினார். மூத்த பிரிவில் எழுதிய பெண்களுள் பெரும்பாலோர் எண்கணிதத்தில் தவறினர். இதனைப் பெண்களின் அறிவுக்குறை என்று அவர் கொள்ளவில்லை. கற்பித்தலின் குறை என்றே கொண்டு, தம் பள்ளியின் கணிதக் கற்பித்தலைத் திருத்தினார். 1865இல் அத்தேர்வு பெண்களுக்கு முறைப்படி திறக்கப்பட்டது. அதே ஆண்டில் டான்டன் தலைமையிலான பள்ளி விசாரணை ஆணையத்தின் முன் அவர் நேரில் சாட்சியம் அளித்தார். அவ்வாணையத்தின் 1868ஆம் ஆண்டு அறிக்கை பெண்கல்வியின் மேலோட்டத் தன்மையைக் கண்டித்தது.

உடைமையைத் துறத்தல்

தனியார் பள்ளி அதன் உரிமையாளரின் ஆயுளோடு முடியக்கூடியது. இதனை உணர்ந்த பஸ் அம்மையார் 1870-71இல் தம் பள்ளியை அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தார். மேல்நிலைப் பள்ளி கேம்டன் சாலைக்கு மாறியது. பழைய கட்டடத்தில் குறைந்த கட்டணத்துடன் கேம்டன் பெண்கள் பள்ளி 1871இல் தொடங்கியது. உரிமையாளராக இருந்தவர் குழுவின்கீழ் ஊதியம் பெறும் தலைமையாசிரியையானார். வருவாயையும் தன்னாட்சியையும் ஒருங்கே குறைத்துக்கொண்ட முடிவு இது. ஆண்பிள்ளைகளின் பள்ளிகளுக்கு எளிதில் திரண்ட நன்கொடை பெண்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1869ஆம் ஆண்டின் அறநிலையப் பள்ளிகள் சட்டம் பழைய அறநிதிகளைப் பெண்கல்விக்கும் திருப்பிவிட வழிவகுத்தது. அதன் பயனாக மதுவடிப்போர் குழுமத்தின் நிதி கிடைத்தது. துணிநெசவாளர் குழுமமும் உதவியது. சாண்டல் சாலைப் புதிய கட்டடம் 1879இல் திறக்கப்பட்டது.

ஆசிரியத் தொழிலும் வரம்புகளும்

1874இல் உருவான தலைமையாசிரியைகள் சங்கத்தின் முதல் தலைவராகிய அவர் இறுதிவரை அப்பொறுப்பை வகித்தார். 1885இல் கேம்பிரிட்ஜில் மகளிர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி அமையவும் துணைநின்றார்.

எனினும் இச்சீர்திருத்தத்திற்கு வரம்புகள் இருந்தன. குறைந்த கட்டணமும் தொழிலாளர் குடும்பங்களுக்கு எட்டாதது. அவர்தம் பிள்ளைகளுக்கு 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த கல்வி வாரியப் பள்ளிகளே புகலாயின. அன்றாட நடத்தையைக் கட்டுப்படுத்திய எண்ணற்ற விதிகளை, முன்னாள் மாணவி மேரி விவியன் ஹியூஸ் தம் நினைவுக்குறிப்பில் எள்ளலுடன் பதிவுசெய்துள்ளார். பெண்கள் பள்ளியின் ஒழுங்கு எப்போதும் ஐயத்துடன் நோக்கப்பட்ட காலத்தில், அவ்விதிகள் பள்ளியின் நற்பெயரைக் காக்கும் அரணாகவும் இருந்தன எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

பஸ் அம்மையார் 1894 டிசம்பர் 24ஆம் நாள் மறைந்தார். அவருக்குப்பின் தலைமையேற்ற சோபி பிரையன்ட் 1875 முதல் அங்கே கணிதம் கற்பித்தவர். அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முன்னோடிப் பெண்மணி. எண்கணிதத் தோல்வியைச் சந்தித்த பள்ளியின் தலைமை கணித அறிஞர் ஒருவரிடம் சென்றது அக்கல்விப்பணி கடந்த தொலைவைக் காட்டுகிறது. நிறுவியவரின் ஆயுளைக் கடந்து இரு பள்ளிகளும் இன்றும் நிலைத்திருப்பதற்கு அவர் உடைமையைத் துறந்து அறக்கட்டளையை நாடியது அடிப்படையாயிற்று. தனியொருவரின் ஆர்வம் நிறுவனமாக உருப்பெறும்போதே கல்விச் சீர்திருத்தம் தலைமுறைகளைக் கடக்கும் என்பதற்கு அவருடைய வாழ்வு சான்றாகும்.