எலிசபெத் – டேக்கார்ட் கடித விவாதம்

பொஹேமிய இளவரசி எலிசபெத்துக்கும் (1618–1680) பிரான்சில் பிறந்த மெய்யியலாளரும் கணித அறிஞருமான ரெனே டேக்கார்ட்டுக்கும் (1596–1650) இடையே 1643ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி 1649ஆம் ஆண்டின் இறுதிவரை நடந்த கடிதப் போக்குவரத்து, ஐரோப்பிய மெய்யியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்க விவாதங்களுள் ஒன்று. மனம் என்பது என்ன, அது உடலை எப்படி இயக்குகிறது, நல்ல முடிவு என்று எதைச் சொல்வது, மகிழ்ச்சி மனிதனின் கையில் உள்ளதா ஆகிய கேள்விகள் இதில் மாறி மாறி வருகின்றன. இருவரும் பிரெஞ்சு மொழியில் எழுதினர். எலிசபெத் எழுதியவற்றுள் 26 கடிதங்கள் கிடைத்துள்ளன.

கணக்குப் பாடத்தில் கிடை அச்சும் செங்குத்து அச்சும் வரைந்து 'கார்ட்டீசியன் தளம்' என்று மாணவர்கள் குறிக்கிறார்களே, அந்தப் பெயருக்குரியவர் இந்த டேக்கார்ட்தான். அவரோடு எலிசபெத் வாதிடத் தொடங்கியபோது அவருக்கு வயது 24.

நாடிழந்த குடும்பம்

எலிசபெத் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பிறந்தார். தந்தை ஐந்தாம் பிரெடரிக், பாலட்டினேட் பகுதியின் ஆட்சியாளர். தாய் எலிசபெத் ஸ்டூவர்ட், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்சின் மகள். 1619இல் பொஹேமியாவின் அரியணை ஏறிய பிரெடரிக், 1620 நவம்பர் 8 அன்று பிராகா அருகே நடந்த வெள்ளை மலைப் போரில் தோற்று அதை இழந்தார். ஒரே ஒரு குளிர்காலம் ஆண்டதால் 'குளிர்கால மன்னர்' என்ற கேலிப் பெயரே அவருக்கு நிலைத்தது. குடும்பம் நெதர்லாந்தின் ஹேக் நகரில் தஞ்சம் புகுந்தது.

பட்டம் இருந்தது, நாடு இல்லை, பணமும் தட்டுப்பாடுதான். ஆனால் படிப்புக்குக் குறைவில்லை. இலத்தீன், கிரேக்கம், கணிதம் எல்லாம் கற்ற எலிசபெத்தை உடன்பிறந்தோர் 'கிரேக்கக்காரி' என்று கிண்டல் செய்தனர். போலந்து மன்னருக்கு அவரை மணம் பேசினார்கள். அதற்குக் கத்தோலிக்க மதத்துக்கு மாற வேண்டும் என்றதும், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த எலிசபெத் மறுத்துவிட்டார்.

நினைப்பு எப்படிக் கையைத் தூக்கும்?

1641இல் வெளிவந்த 'தியானங்கள்' நூலில் டேக்கார்ட் உலகை இரண்டாகப் பிரித்திருந்தார். மனம் சிந்திப்பது, அதற்கு நீளம், அகலம், உயரம் இல்லை. உடல் இடத்தை அடைத்திருப்பது. அதற்குச் சிந்தனை இல்லை. இந்த நூலைப் படித்த எலிசபெத், 1643 மே மாதம் எழுதிய முதல் கடிதத்திலேயே இப்பிரிவினையின் மூட்டு எங்கே என்று கேட்டார்.

அவரது வாதம் எளிமையானது. ஒரு பொருள் இன்னொன்றை நகர்த்த வேண்டுமானால் அதைத் தள்ள வேண்டும். தள்ளுவதற்குத் தொட வேண்டும். தொடுவதற்குப் பரப்பு வேண்டும். மனத்துக்குப் பரப்பும் இல்லை, இட அளவும் இல்லை என்றால், கையைத் தூக்க வேண்டும் என்று மனம் நினைத்ததும் கை எப்படி எழுகிறது? காசெண்டி என்ற பிரெஞ்சு அறிஞரும் இது போன்ற ஐயத்தை முன்பே எழுப்பியிருந்தார். அவருக்கு டேக்கார்ட் எரிச்சலோடு பதில் எழுதினார். இளவரசியிடம் அப்படிப் பேச முடியவில்லை. அது நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொண்டே பதிலைத் தொடங்கினார்.

அவர் சொன்ன விளக்கம் இது: கல்லின் 'கனம்' கல்லைக் கீழே இழுக்கிறது என்கிறோம். கனம் என்பது ஒரு பரப்பாக இருந்து இன்னொரு பரப்பைத் தள்ளுகிறது என்று யாரும் நினைப்பதில்லை. மனம் உடலை இயக்குவதையும் அதுபோல எண்ணிப் பார்க்கலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. கனம் என்பது கல்லுக்குள் தனியாக உறையும் பண்பு என்ற பழைய கருத்தைத் தவறு என்று நிராகரித்தவரே டேக்கார்ட்தான். எலிசபெத் அடுத்த கடிதத்திலேயே அதைச் சுட்டிக்காட்டினார். பொய் என்று ஒதுக்கிய கருத்தைக் கொண்டு மெய்யை எப்படி விளக்க முடியும்? உருவமற்ற ஒன்று உடலை அசைக்கிறது என்று ஏற்பதைவிட, மனத்துக்கும் பருப்பொருள் தன்மை உண்டு என்று ஏற்பதே தமக்கு எளிது என்றும் எழுதினார். தம்முடைய மந்தபுத்தியை மன்னிக்க வேண்டும் என்ற வரியும் அக்கடிதத்தில் இருக்கிறது. அக்காலக் கடித மரபின் பணிவு அது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

டேக்கார்ட்டின் இரண்டாவது பதில் வியப்பானது. மனமும் உடலும் ஒன்றியிருப்பதை ஆழ்ந்த சிந்தனையால் அறிய முடியாது. அன்றாட வாழ்விலும் சாதாரணப் பேச்சிலும்தான் அது தெளிவாகும் என்றார். உருவமற்ற பொருள்களைப் பற்றிய தூய சிந்தனைக்குத் தாம் ஆண்டுக்குச் சில மணி நேரமே ஒதுக்குவதாகவும் சொன்னார். ஜூலை 1ஆம் தேதி எலிசபெத் மறுபடியும் எழுதினார்: மனம் உடலை அசைக்கிறது என்பதைப் புலன்கள் காட்டுகின்றன, ஆனால் எப்படி என்பதை அவை காட்டவில்லை. இந்தக் கடிதத்துக்கு டேக்கார்ட்டின் விடை, கிடைத்துள்ள கடிதங்களில் இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் பேச்சு கணக்குக்குத் திரும்பியது. மூன்று வட்டங்கள் கொடுக்கப்பட்டால், அம்மூன்றையும் தொட்டுச் செல்லும் வட்டத்தைக் காண்பது அப்பலோனியசின் பழைய கணக்கு. டேக்கார்ட் தந்த அக்கணக்கை எலிசபெத் செய்து காட்டிப் பாராட்டுப் பெற்றார். 1644இல் வெளியான 'மெய்யியலின் கோட்பாடுகள்' நூலை டேக்கார்ட் அவருக்கே காணிக்கையாக்கினார்.

நோயுற்றவர் மகிழ்ச்சியாக இருக்க முடியுமா?

1645இல் எலிசபெத்துக்கு விட்டு விட்டுக் காய்ச்சலும் வறட்டு இருமலும் இருந்தன. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மாமா முதலாம் சார்லஸ் தோற்றுக்கொண்டிருந்தார். சகோதரர்கள் இருவர் அவருக்காகப் போரிட்டனர். நோய்க்குக் காரணம் துயரமே என்று டேக்கார்ட் கணித்தார். தாயிடமிருந்து தமக்கும் இதே இருமல் வந்ததாகவும், இளம் வயதிலேயே இறந்துவிடுவார் என்று மருத்துவர்கள் சொன்னதாகவும், நிகழ்வுகளின் நல்ல பக்கத்தையே பார்க்கும் பழக்கத்தால் அது மெல்ல நீங்கியதாகவும் எழுதினார். பிறகு, இருவரும் சேர்ந்து படிக்க ரோமானிய அறிஞர் செனெகாவின் 'இன்ப வாழ்வு பற்றி' என்ற நூலைத் தேர்ந்தெடுத்தார். சில நாட்களிலேயே செனெகா போதிய துல்லியமாக எழுதவில்லை என்று அவரே குறை கண்டு, தம் சொந்த விதிகளைக் கூறினார். செய்ய வேண்டியதை அறிவால் ஆராய்தல், அறிவு சொன்னதைத் தளராமல் செய்தல், எட்டாததற்கு ஆசைப்படாதிருத்தல் ஆகிய மூன்றும் இருந்தால் மனநிறைவு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை என்பது அவர் வாதம்.

எலிசபெத் இதையும் எளிதில் விடவில்லை. சில நோய்கள் சிந்திக்கும் ஆற்றலையே பறித்துவிடுகின்றனவே, அப்போது அறிவால் வரும் மகிழ்ச்சி எங்கே போகும் என்று ஆகஸ்டு மாதம் கேட்டார். 1643இல் கேட்ட கேள்விதான் இது. இப்போது காய்ச்சலில் கிடந்தவரிடமிருந்து வந்தது. டேக்கார்ட் இம்முறை விட்டுக்கொடுத்தார். தாம் சொன்னது அறிவைத் தடையின்றிப் பயன்படுத்தக் கூடியவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றார். எலிசபெத்தின் அடுத்த ஐயம் நெறி பற்றியது. எது நல்லது என்று சரியாக எடைபோட எல்லையற்ற அறிவு வேண்டும்; ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கோ ஆராய நேரமே கிடைப்பதில்லை. இயன்றவரை நன்றாகச் சிந்தித்துச் செய்தால் பின்னர் வருந்தத் தேவையில்லை என்பது டேக்கார்ட்டின் விடை. நாடிழந்த மன்னரின் மகளுக்கு அது போதுமானதாக இருந்திருக்குமா என்பது ஐயமே.

உணர்ச்சிகளை வரையறுத்துக் காட்டும்படி செப்டம்பரில் எலிசபெத் கேட்டதன் விளைவாக டேக்கார்ட் ஒரு கையெழுத்துப் படியை எழுதினார். 1646 ஏப்ரலில் எலிசபெத் அதைப் படித்துக் கருத்துச் சொன்னார். அதுவே விரிவடைந்து 1649இல் 'ஆன்மாவின் உணர்ச்சிகள்' என்ற நூலாயிற்று. மனம் மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பி வழியாக உடலை இயக்குகிறது என்று அந்நூல் கூறுகிறது. எங்கே என்பதற்கு இது ஒரு விடை. ஆனால் எலிசபெத் கேட்டது எப்படி என்று.

பிரிவும் கடிதங்களும்

1646இல் எலிசபெத் ஜெர்மனியிலுள்ள உறவினரிடம் சென்றார். அதன்பின் இருவரும் சந்திக்கவில்லை. மாக்கியவெல்லியின் 'இளவரசன்' நூல் பற்றிய விவாதம் கடிதத்திலேயே நடந்தது. 1649 ஜனவரியில் மன்னர் சார்லஸ் தலை வெட்டப்பட்டபோது டேக்கார்ட் ஆறுதல் எழுதினார். அவ்வாண்டே சுவீடன் அரசி கிறிஸ்டினாவின் அழைப்பில் ஸ்டாக்ஹோம் சென்ற அவர், 1650 பிப்ரவரி 11 அன்று அங்கேயே இறந்தார். அங்கிருந்த பிரெஞ்சுத் தூதர் ஷானு, கடிதங்களை அச்சிட இசைவு கேட்டார். எலிசபெத் மறுத்துத் தம் கடிதங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1657இல் கிளெர்செலியே வெளியிட்ட தொகுப்பில் டேக்கார்ட் அவருக்கு எழுதியவை மட்டுமே இடம்பெற்றன.

1667இல் எலிசபெத் ஹெர்ஃபோர்டு மடத்தின் தலைவியானார். பிற இடங்களில் துரத்தப்பட்ட லபாடிஸ்டுகள் என்ற சமயக் குழுவினருக்கு அங்கே அடைக்கலம் தந்தார். குவேக்கர் தலைவர் வில்லியம் பென்னும் அங்கு வந்து அவரைச் சந்தித்தார். 1680 பிப்ரவரியில் எலிசபெத் காலமானார். அவருடைய கடிதங்களின் படிகள் நெதர்லாந்தில் ஒரு மாளிகையின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1879இல் ஃபூஷே தெ கரேய் என்பவரால் அச்சேறின. அதுவரை, 200 ஆண்டுகளுக்கு மேலாக, டேக்கார்ட்டின் விடைகளை மட்டும் படித்தவர்கள் கேள்விகளை ஊகித்தே அறிய வேண்டியிருந்தது.