அறுபது ஓம் பிறந்த கதை

பௌர்ணமிக்கு மறுநாள் திருவண்ணாமலையில் கார் எலக்ட்ரீஷியன்களுக்கு வேலை சேரும். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கிரிவலத்துக்கு வந்து, ஊருக்கு வெளியே இரவெல்லாம் நிறுத்தி வைத்த வண்டிகளில் ஒன்றிரண்டு கிளம்பாமல் அடம்பிடிக்கும். சாவியைத் திருகினால் செல்ஃப் சுற்றாது. டேஷ்போர்டில் ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங் என எல்லா விளக்கும் சேர்ந்து எரியும். ஸ்கேனரை மாட்டினால் யூ 0100 என்ற கோளாறுக் கோடு வரும். ஈசிஎம் எனப்படும் இன்ஜின் கம்ப்யூட்டரோடு தொடர்பு இல்லை என்று பொருள். "ஈசிஎம் அடிச்சிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார் அவசரக்காரர். விவரமானவர் பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை எடுப்பார். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் இடையே எத்தனை ஓம் என்று பார்ப்பார். பெரும்பாலான கார்களில் சுமார் 60 வரவேண்டும்.

இந்த 60 ஓமுக்குப் பின்னால் 1983-இல் ஜெர்மனியில் தொடங்கிய ஒரு வேலை இருக்கிறது. பாஷ் நிறுவனத்தில் ஊவே கீன்கே என்ற பொறியாளர், காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச வழி தேடினார். அப்போது புழக்கத்தில் இருந்த எந்த முறையும் காருக்கு ஒத்துவரவில்லை. மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர்களும், சிப் செய்யும் இன்டெல்லும் கூடச் சேர்ந்தார்கள். 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் கேன் என்ற அந்த முறை வெளிவந்தது. மறு ஆண்டே இன்டெல் அதற்கு முதல் சிப்பைச் செய்துவிட்டது. வயரை மிச்சம் பிடிக்கத்தான் கேன் வந்தது என்று நம் ஒர்க்‌ஷாப்களில் சொல்வார்கள். அது பாதிதான் சரி. காருக்குப் புது வசதிகளைச் சேர்ப்பதுதான் முதல் நோக்கம்; வயர் குறைந்தது கூடவே கிடைத்த லாபம். இன்னொரு வேடிக்கை: காருக்கென்று செய்ததை ஆரம்பத்திலேயே லிஃப்ட் கம்பெனியும் நெசவு எந்திரக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். மெர்சிடிஸின் உயர்ரகக் கார்களில் அது ஏறியது 1990-களின் தொடக்கத்தில்தான்.

அவர்கள் போட்ட விதிகளில் இரண்டு முக்கியம். ஒரே ஜோடி வயரில் எல்லாரும் பேசவேண்டும். ஆனால் பேச்சு மோதக்கூடாது. இதற்காக ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். சின்ன எண்ணுக்கே முன்னுரிமை. தாத்தாவும் பேரனும் ஒரே நேரத்தில் வாயெடுத்தால் பேரன் தானாக நிறுத்திக்கொள்வதுபோல, பெரிய எண்காரர் ஒதுங்கிவிடுவார். முந்தியவர் பேச்சில் ஓர் எழுத்தும் சிதையாது. அடுத்தது, தப்பாகப் பேசுகிறவனை விலக்குவது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் தவறைத் தானே எண்ணுகிறது. அனுப்பும்போது தவறினால் கணக்கில் 8 கூடும். சரியாக அனுப்பினால் 1 குறையும். கணக்கு 255-ஐத் தாண்டினால் அது லைனைவிட்டுத் தானே விலகிக்கொள்ளும்.

மெக்கானிக் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். யூ என்று தொடங்கும் கோடுகள் பெரும்பாலும் மற்றவர்கள் கொடுக்கும் புகார். "அவன் குரல் எனக்குக் கேட்கவில்லை" என்று ஏபிஎஸ் சொல்கிறது, அவ்வளவே. அவன் செத்துவிட்டானா, அவனுக்குச் சப்ளை வரவில்லையா, எர்த் விட்டுப்போச்சா, நடுவில் வயர் அறுந்ததா என்று கோடு சொல்லாது.

அதைச் சொல்வது மல்டிமீட்டர். முறுக்கிய ஜோடி வயரின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும்; சிக்னல் முனையில் முட்டித் திரும்பாமல் இருக்க வைத்தது. இரண்டும் பேரலலில் இருப்பதால் மீட்டரில் 60. 120 காட்டினால் ஒரு கோடி கழன்றிருக்கிறது, அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்போது மெக்கானிக் ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிப் பார்ப்பார். எதைக் கழற்றும்போது மீட்டர் ஏறுகிறதோ, கோளாறு அந்தப் பக்கம். மரத்தடியில் நின்ற வண்டியென்றால் பானட்டைத் திறந்ததுமே எலிப் புழுக்கை கிடக்கிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. கடித்த இடத்தில் செம்பு பளபளவென்று தெரியும். முறுக்கு மாறாமல் ஒட்டி, ஸ்லீவ் போட்டால் வண்டி கிளம்பிவிடும்.

60 சரியாக வந்தும் கோடு போகவில்லையா? பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் செய்து வோல்டேஜ் பார்க்கவேண்டும். லைன் சும்மா இருக்கும்போது இரண்டு வயரிலும் 2.5 வோல்ட், பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். பிறகு அந்த ஈசிஎம்முக்குச் சப்ளையும் எர்த்தும் வருகிறதா என்று பார்க்கவேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் ஈசிஎம் மேல் சந்தேகம் வரலாம்.

அமெரிக்காவில் 2008 மாடல் முதல் எல்லாக் காரிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற அந்தச் சாக்கெட்டில் கேன் கட்டாயம். நம் ஊரில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 என்ற சுயபரிசோதனை முறை வந்தது. ஆகவே உங்கள் கார் அதற்குப் பிந்தையது, அதில் கேனும் இருக்கிறது என்றால், "ஈசிஎம் மாத்தணும்" என்று யாராவது சொன்னதும் பணத்தை எடுக்காதீர்கள். "அண்ணே, 6-க்கும் 14-க்கும் எத்தனை ஓம் வருது?" என்று கேளுங்கள். அளந்து பார்க்கவில்லை என்றால் வண்டியை வேறு கடைக்குக் கொண்டுபோங்கள்.